மறு: பீங்கான் மின்தேக்கிக்கு வருவது ‘மூப்பு’தானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு மின்தேக்கி (கண்டென்சர்). அதில் பீங்கான் வகையின் தேக்குத்திறன் நாள்பட இறங்குவதை ஆங்கிலத்தில் ‘ஏஜிங்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு ‘மூப்பு’ என்று எழுதியிருந்தோம். அது சரியில்லை என்றேன்; வந்த பதில்:

> ‘ஏஜிங்’ என்றால் மூப்பு. அகராதியே சொல்கிறது. இதில் என்ன குறை?

மூப்பு வந்தால் திரும்பாது என்பதுதான் குறை. பட்டியலில் உள்ள நம் குறிப்பை நம்பி ஓர் அன்பர் தம் தாத்தாவின் வால்வு ரேடியோவிலிருந்து பீங்கான் கண்டென்சர்கள் அத்தனையையும் பிடுங்கி எறிந்திருக்கிறார். மாற்ற வேண்டியவை பக்கத்திலேயே இருந்தன: ஈரம் இழுத்துக் கசியும் காகித மின்தேக்கிகளும், உள்ளே காய்ந்துபோகும் மின்பகு மின்தேக்கிகளும். அவற்றுக்கு மூப்பு என்று எழுதுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்.

பீங்கானின் கதை வேறு. அதன் மூலப்பொருளான பேரியம் டைட்டனேட் சுமார் 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறும்போது படிக அமைப்பு மாறி, உள்ளே மின்முனைவுத் திட்டுகள் (ஒவ்வொன்றும் ஒரு திசை பார்க்கும் சிறு பகுதிகள்) உண்டாகின்றன. அவை நாள்பட நாள்பட அசையாமல் உட்கார்ந்துகொள்ள, தேக்குத்திறன் இறங்குகிறது. இறக்கம் மடக்கைக் கணக்கு: காலம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒரு படி. முதல் மணியிலிருந்து பத்தாவது மணிக்குள் எவ்வளவோ, ஆயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள்ளும் அவ்வளவே. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 4 படி இறங்கிவிடும். அடுத்த 49 ஆண்டுகளுக்கும் சேர்த்து 2 படிகூட வராது. படிக்கு 5 சதவீதம் என்று வைத்தாலும் அரை நூற்றாண்டில் போவது சுமார் கால் பங்கு. தேவையற்ற மாறுமின்னலைகளைத் தரைக்கு வடித்துவிடும் பைபாஸ் வேலைக்கு மிச்சமே தாராளம். (அலைவரிசைச் சுற்றுகளில் வரும் முதல் வகைப் பீங்கானுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.)

இறங்கியதை மீட்கவும் முடியும்: அந்த 120 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் திட்டுகள் கலைந்து, கணக்கு முதலிலிருந்து தொடங்கும். என்னிடம் ‘.01’ (மைக்ரோஃபாரட், அதாவது 10 நானோஃபாரட்) என்று அச்சிட்ட பழுப்பு வில்லை வடிவ மின்தேக்கி ஒன்று இருந்தது. மீட்டர் 7.8 நானோஃபாரட் காட்டியது. 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டேன். மேல்பூச்சிலிருந்து மெழுகு வழிந்து தட்டெல்லாம் பிசுக்கு. சமையலறை அடுப்பில் செய்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். மறுநாள் பார்த்தால் 9.4! கிழவர் எழுந்து குமரனாகிவிட்டார்.

மூப்புக்குப் பதிலாக ‘அயர்வு’ என்ற யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உலோகத்துக்கு வரும் அயர்ச்சியோடு குழம்பும். ‘ஒடுக்க’த்தை வேதியியலார் எப்போதோ (‘ரிடக்‌ஷன்’ என்பதற்கு) எடுத்துக்கொண்டார்கள்.

நான் முன்வைப்பது ‘தூர்தல்’. தேக்கி என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஏரிக்கு ஆவதுதானே அதற்கும் ஆகும்? தூர்ந்த ஏரியில் கொள்ளளவு குறையும், கரை அப்படியே நிற்கும், தூர்வாரினால் மீளும். ஆகவே சூடேற்றி மீட்பதற்கு ‘தூர்வாரல்’. மின்தேக்கியை இலங்கை நண்பர்கள் அழைக்கும் ‘கொள்ளளவி’க்கும் இது ஒட்டும்; அவர்களுடைய குளங்களும் தூர்பவைதாம். வில்லை விரிசல் விடுவதும், ஈரத்தில் வெள்ளி நகர்ந்து குறுக்குச்சுற்று ஆவதும் கரை உடைந்த கணக்கு. அவற்றுக்குப் ‘பழுது’ இருக்கவே இருக்கிறது.

வண்டல் வெளியிலிருந்து வருகிறது, பீங்கானுக்குள் எதுவும் வந்து சேர்வதில்லையே என்று கேட்பீர்கள். எனக்கும் அது உறுத்துகிறது. ‘படிதல்’ என்று மாற்றிப் பார்த்தேன். மீட்பதற்கு ஜோடிச் சொல் கிடைக்கவில்லை. ஜோடியோடு வேறு சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். அதுவரை சொற்பட்டியலில் ‘மூப்பு’ அடிக்கப்பட்டு, ‘தூர்தல்’ பென்சிலில் இருக்கும்.