காரீயச் சுரங்கத்துக்கு அலவாங்கு: எந்தக் குழாய், எந்த முனை?

கல்முனை_லேத்:
கேகாலைப் பக்கம் ஒரு காரீய (பென்சில் கரி, கிராஃபைட்) சுரங்கத்துக்கு, கூரையில் தொங்குற கல்லைத் தட்டி இறக்க 10 அலவாங்கு கேட்கிறாங்க. நீளம் 8 அடி. 25 மிமீ உருக்குக் கம்பியா, 1 அங்குல ஜி.ஐ. குழாயா? முனையை எப்படிப் பொருத்துறது?

பாறைத்தட்டி:
ரெண்டும் வேணாம் தம்பி. 25 மிமீ கம்பி மீற்றருக்கு 3.85 கிலோ; 8 அடிக்கு 9 கிலோ தாண்டும். கை சோர்ந்தா ஆள் பாரம் குறைக்கக் கம்பியை நிமிர்த்திப் பிடிப்பான், அப்ப கல்லுக்கு நேர் கீழ நிற்பான். ஜி.ஐ. குழாய் நெம்பும்போது வளையும்.

அலுமினியக் குழாய் எடுங்க: 6061 எண்ட கலவை, டி6 (சூடாக்கிக் கடினமாக்கின) பதம், வெளிவிட்டம் 38 மிமீ, சுவர் 6 மிமீ. குழாய் 4 கிலோவுக்குள்ள நிற்கும். யன்னல் அலுமினியம் சரிவராது.

முனைக்குத் தேய்ந்த ஜாக்ஹாமர் கம்பி போதும். ஒரு பக்கம் நேர் உளி, மற்றப் பக்கம் நெம்பக் கொஞ்சம் வளைவு. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, ஊதா நிறம் வரும்வரை திரும்பச் சூடாக்குங்க. இல்லாட்டி நுனி தெறிக்கும். பதமே வைக்காட்டி காளான் மாதிரி விரியும்.

முனையின் தண்டு 6 அங்குலம் குழாய்க்குள்ளே இறுக்கமா போகணும், குறுக்கே ஒரு பின் (ஆணி) அடிக்கணும். வெல்டிங் கிட்டவும் வேணாம். சூடு பட்ட அலுமினியம் பதம் இழந்து அதிலேயே மடியும். ஈரத்தில் ரெண்டு உலோகமும் தொட்டா அரிக்கும், தண்டுக்கு எபொக்சி பூசிச் செருகுங்க.

ஏறாவூர்_வெடிகல்:
பழைய டயரில் வட்டு வெட்டிக் கைபிடிக்கு மேல மாட்டுங்க காக்கா. குழாய் வழியா சறுக்கி வாற பொடிக்கல் விரலில் படாது.

பாவிக்கிறவங்களுக்கு: முதல்ல தண்ணி அடிச்சா வெடிப்புத் தெரியும். வெடிக்காத மருந்து துளையில் கிடக்கா எண்டு பார்த்துட்டுத்தான் கம்பி தொடணும். தட்டிப் பார்க்கக் கணீரெண்டா திடம், டொக்கெண்டா பிரிஞ்ச கல். பாதுகாப்பான கூரைக்குக் கீழ நிண்டு முன்னேறணும். கம்பி இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும்; வயிற்றுக்கு நேரே பிடிச்சா விழுற கல் அதை உள்ளே குத்திரும். காரீயம் வழுக்கும், நரம்போரத்து (பாறைக்குள்ள ஓடுற காரீயப் பட்டையின் ஓரத்து) பலகைக்கல் சொல்லாமல் கழரும், பக்கச்சுவரையும் தட்டணும்.

கரண்ட் கேபிளுக்குக் கிட்ட எண்டா ஃபைபர்கிளாஸ் கம்பி. நிலக்கரிச் சுரங்கத்துக்கு அலுமினியம் குடுக்காதீங்க: துருவேறிய இரும்பில் மோதுற பொறி மீதேனைப் பற்றவைக்கும்.

கல்முனை_லேத்:
சில இடத்தில் கூரை 15 அடியாம். 12 அடியில் செய்யவா?

பாறைத்தட்டி:
அது நுனியில் ஆடும், குறி தப்பும். 15 அடிக்கு மேடை வேணும், இல்லாட்டி கூரைக்காப்புள்ள கெபினோட ஸ்கேலர் (தொங்குற கல்லைத் தட்டி இறக்குற) இயந்திரம். ஒடுக்கமான நரம்புச் சுரங்கத்துக்குள்ள அது நுழையாது. ஒவ்வொரு இடத்துக் கூரை உயரத்தையும் கேட்டு, 45 பாகை சாய்வில் எட்டுற மாதிரி 6, 8, 10 அடியெண்டு பிரிச்சு அடிங்க.