ரேணுகாம்பாளுக்கு நேர்ந்த மாவிளக்கு, இப்பவே போகலாமா?

குடியாத்தத்திலிருந்து எழுதறேன். தங்கச்சிக்குப் பிரசவமான மூணாம் நாள் வலிப்பு. நாலு நாள் ஐசியூ. அம்மா மஞ்சத்துணியில ஒத்த ரூபா முடிஞ்சு படவேட்டு ரேணுகாம்பா ஆத்தாளுக்கு நேர்ந்து, அதைக் கையிலயே இறுக்கிப் பிடிச்சிட்டு வராண்டாவுல உக்காந்திருந்தாங்க. தங்கச்சிக்குப் பிரஷர் இன்னும் 150/100. தீட்டு கழிஞ்சதும் ஆடி வெள்ளிக்கே கூட்டிப் போகணுங்கறாங்க. தடுக்க மனசு வரல.

பதில் (ராணிப்பேட்டை, நர்ஸ்):
அண்ணே, ஆடிக் கூட்டம் வேணாம். பிரசவத்துக்கப்புறம் 6 வாரம் கவனமா பாக்கணும். தலைவலி, கண் மங்கல், மேல்வயித்து வலி வந்தா உடனே ஆஸ்பத்திரி. விபூதி பூசுங்க, மாத்திரைய விடாதீங்க.

பதில் (ஆரணி):
எனக்கும் இப்படித்தான். மாமியார் மட்டும் போய் மாவிளக்குப் போட்டாங்க. நான் தையில குழந்தையோட போனேன். சன்னதியில அழுதுட்டேன்.

கேட்டவர்:
அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். முடிச்சை சாமி மாடத்துல வச்சாங்க, பக்கத்துல மாத்திரை டப்பாவும்.