பதினாறாம் நாள் காரியமும் ஞானஸ்நானம் பெற்ற மகனும்

குடமுருட்டிக் கரையான்:
சென்ற ஆவணியில் என் தந்தை காலமானார். எங்கள் வீட்டில் நான் ஒருவனே கிறிஸ்தவன். ஞானஸ்நானம் பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் என்ற முறையில் பாடை தூக்கினேன், கொள்ளியும் வைத்தேன். ஆனால் பதினாறாம் நாள் ஆற்றங்கரையில், பச்சரிசி மாவு உருண்டைகளும் கறுப்பு எள்ளும் இருந்த வாழையிலையைச் சித்தப்பா என் முன் நகர்த்தியபோது, என் கை நீளவில்லை. சற்று நேரம் காத்திருந்த புரோகிதர், தர்ப்பை மோதிரத்தைத் தம்பியின் விரலில் மாட்டிவிட்டார். அன்று முதல் உறவினர் எவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த ஆவணியில் தலைத்திவசம் வருகிறது. நான் செய்தது சரிதானா?

நன்னிலத்தார்:
நான் கிறிஸ்தவன் அல்லேன். ஆகவே நேராகக் கேட்கிறேன். கொள்ளி வைக்கலாம், பிண்டம் வைக்கலாகாது என்று கோடு கிழித்தவர் யார்? தோளில் கொள்ளிக்குடம் சுமந்து சுற்றி வந்ததும் சடங்குதானே? அங்கே நீண்ட கை இங்கே நீளாததற்குக் காரணம் விசுவாசமா, சபையார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமா? தங்கள் தந்தை தம் தந்தைக்குச் செய்ததையே தம் மகனிடமும் எதிர்பார்த்திருப்பார்.

வேளாங்கண்ணி வழிநடையார்:
நானும் ஏறக்குறைய நன்னிலத்தார் பக்கமே. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை காவியுடுத்தி நடந்து வந்து மொட்டை போடுகிற எங்களில் எவரும் அதனால் விசுவாசத்தை இழந்துவிடவில்லை. சீனர்களின் முன்னோர் வணக்கத்தை 1742இல் அறவே தடுத்த எங்கள் கத்தோலிக்கத் தலைமையான உரோமையே, 1939இல் அதைக் குடிமரியாதையாகக் கருதித் தடையைத் தளர்த்தியது.

தரங்கம்பாடி லுத்தரன்:
மரியாதை வேறு, படையல் வேறு. தலை வணங்குவதைக் குடிமரியாதை எனலாம். இறந்தவரின் பசி தீர வேண்டும் என்று சொல்லி வைக்கும் பிண்டத்தை எப்படி அவ்வாறு அழைப்பது? கடையில் விற்கும் இறைச்சியை விசாரியாமல் உண்ணச் சொன்ன அப்போஸ்தலன் பவுலே, அது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவன் அறிவித்துவிட்டால் உண்ண வேண்டாம் என்கிறார். தஞ்சையில் சரபோஜி மன்னரின் ஆதரவில் வாழ்ந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், பெரிய கோயில் இறைவன்மீது குறவஞ்சி பாடுமாறு மன்னரே கேட்டும் மறுத்தார் என்பது நம் சபைகளில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சோறு போட்ட கையிடமே மறுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

நன்னிலத்தார்:
அதே சாஸ்திரியார்தாம், எல்லாச் சாதியாரும் ஆலயத்தில் ஒன்றாக அமர வேண்டும் என்று புதிய மிஷனரிகள் வற்புறுத்தியபோதும் அசையாமல் எதிர்த்து நின்றார். அதையும் விசுவாச உறுதி என்பீர்களா?

தரங்கம்பாடி லுத்தரன்:
இல்லை. அது எங்கள் சபை வரலாற்றில் மறைக்க முடியாத கறை. ஊர் வழக்கத்துக்கு இணங்குவதால் சுவிசேஷம் எப்படிச் சிதையும் என்பதற்கு அதையே சான்றாகக் கொள்கிறேன்.

குடமுருட்டிக் கரையான்:
கொள்ளியைப் பற்றிய கேள்வி சுட்டது, அதை மறுக்கவில்லை. நெருப்பு வைத்தால் உடல் எரியும், அவ்வளவே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் குடத்தில் துளையிட்டுச் சுற்றியதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அப்போது யோசிக்கும் நிலையில் நான் இல்லை. பிண்டத்தின் முன் யோசித்தேன். அதைத் தொட்டிருந்தால், நான் நம்பாத ஒன்றை நம்புவதாக அப்பாவிடமே பொய் சொன்னவன் ஆகியிருப்பேன். சபையாருக்கு அஞ்சவில்லை, அவர்களில் ஒருவரும் அன்று அங்கே இல்லை. திவசத்தன்றும் தர்ப்பையைத் தொட மாட்டேன்.

நேற்று அம்மா தொலைபேசியில் அழைத்தார். பேச்சு நின்ற பிறகு இதுவே முதல் முறை. "மந்திரம் சொல்ல வேண்டாம், வாழைக்காய் நறுக்கிக் கொடுக்கவாவது வா" என்றார். முதல் பேருந்திலேயே போகிறேன். படையல் இலையில் வைக்கும் முன்பே அந்தச் சமையலில் ஒரு பிடி எனக்கென எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.