ஒரே ஸ்டுடியோ, ஆறு பேர், முதல் குழுக் கண்காட்சி: சுவரை எப்படிப் பிரிப்பது?

வண்ணச்சுவர் (கேள்வி):

வணக்கம். சென்னையில் வாடகையைப் பகிர்ந்துகொண்டு ஒரே ஸ்டுடியோவில் வேலை செய்கிறோம். கான்வாஸில் இரண்டு பேர் (ஒருவர் அக்ரிலிக், ஒருவர் ஆயில்), எச்சிங்கும் (உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்த கோட்டிலிருந்து எடுக்கும் அச்சு) மரச்செதுக்கு அச்சும் செய்பவர்கள் இரண்டு பேர், செராமிக்கில் ஒருவர், செம்புத் தகட்டில் சிற்பம் செய்பவர் ஒருவர். ஜனவரி 20ஆம் தேதியிலிருந்து ஏழு நாளுக்கு ஒரு ஹால் பேசியிருக்கிறோம். 40 அடிக்கு 22 அடி. வாசல் 6 அடி, ஒரு சுவரில் 10 அடிக்கு ஜன்னல். ஆணி அடிக்க அனுமதி இல்லை, மேலே ஓடும் கம்பியிலிருந்துதான் தொங்கவிட வேண்டும்.

கையில் 54 படைப்புகள் இருக்கின்றன. எத்தனை வைக்கலாம்? ஆளுக்கு ஒரு சுவர் என்று பிரித்துக்கொள்ளலாமா? செலவையும் விற்பனையையும் எப்படிப் பகிர்வது? மழைக்காலத்தில் எதில் கவனம் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

ரசமட்டம்:

முதலில் ஓட்ட அடி கணக்கு, அதாவது சுவரின் நீளம் மட்டும். நான்கு சுவரும் சேர்த்து 124 அடி. வாசலும் ஜன்னலும் போனால் 108. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு பக்கமும் ஓர் அடி சும்மா விடவேண்டும், இல்லையென்றால் பக்கத்துச் சுவர்ப் படங்கள் ஒன்றோடொன்று முட்டுவதுபோல் தெரியும். நான்கு மூலைக்கு 8 அடி கழித்தால் மிச்சம் 100.

சட்டம் போட்ட அச்சுப் படம் சராசரி 20 அங்குல அகலம் என்று வையுங்கள், இடைவெளி 6 அங்குலம். 12 படத்துக்கு 26 அடி. கான்வாஸ் சராசரி மூன்றரை அடி, இடைவெளி ஒன்றரை அடி, ஆக ஒன்றுக்கு 5 அடி. மீதி 74 அடியில் 14 கான்வாஸ். மொத்தம் 26. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். மீதியை ஒரு பக்கமாக அடுக்கி வைத்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுங்கள். இடைவெளியைக் குறைத்து 35 படம் மாட்டினால் எந்தப் படத்தின் முன்னாலும் ஆள் நிற்கமாட்டார், நடந்துகொண்டே போவார்.

உயரத்துக்கு ஒரு கணக்குப் போதும். எல்லாப் படத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 58 அங்குலத்தில் இருக்கட்டும். 36 அங்குல உயரப் படம், பின்னால் கட்டிய கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது என்றால், 58 + 18 − 3 = 73. கொக்கி 73 அங்குலத்தில் வரவேண்டும். மேல்விளிம்பை வரிசைப்படுத்துகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அளவு மாறுகிற படங்களுக்கு அது சரிவராது.

இன்னொன்று, ஒவ்வொரு படத்துக்கும் தரையிலிருந்து புதிதாக அளக்காதீர்கள். பழைய ஹால்களில் தரை ஓர் அங்குலம் வரை வாட்டமாக இருக்கும். ஓர் இடத்தில் 58 குறித்து, டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) சுற்றிலும் கொண்டுபோய் நூல் கட்டுங்கள்.

அச்சுமை:

அச்சுப் படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மழைக்காலத்தில் அதிகம் கெடுவது அவைதான்.

எண்ணெய் அடிப்படையிலான மை தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவசரப்பட்டுச் சட்டம் போட்டால் சில மாதத்தில் கண்ணாடியின் உள்பக்கம் படத்தின் வடிவத்திலேயே மங்கலாக ஒரு படலம் படியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். எச்சிங் தாளை ஈரமாக அச்சிடுவதால், பிளாட்டிங் தாள்களுக்கு (ஈரம் உறிஞ்சும் தாள்) நடுவே கனம் வைத்து, முதல் நாள் இரண்டு முறை, பிறகு தினம் ஒருமுறை தாளை மாற்றி உலர்த்த வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சட்டத்துக்குள் தாள் அலை அலையாக எழும்பும்.

தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டவே கூடாது. ஈரக்காற்றில் தாள் விரியும், விரிய இடமில்லாமல் நடுவில் புடைக்கும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு கீல் (தாளைப் பின் அட்டையோடு பிடிக்கும் சிறு பட்டை), மெல்லிய ஜப்பானியத் தாளில். பசைக்குக் கோதுமை மாவுச்சத்தை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள். புத்தகக் கட்டுநர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுகிற மைதாப் பசை வேண்டாம். அதிலுள்ள செம்பு தாளை நாளாக நாளாகப் பழுப்பாக்கி நொறுங்கவைக்கும். சட்டக் கடையில் பின்பக்கம் ஹார்ட்போர்டு வைப்பார்கள். அதற்கும் படத்துக்கும் நடுவில் அமிலமற்ற அட்டை ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, மவுண்ட் அட்டையின் (படத்தைச் சுற்றி ஜன்னல்போல வெட்டி வைக்கும் அட்டை) கனம் அந்த இடைவெளியைத் தரும்.

படத்தின் கீழே பென்சிலில்: இடது ஓரம் எண் (3/15 என்றால் பதினைந்தில் மூன்றாவது), நடுவில் தலைப்பு, வலது ஓரம் கையெழுத்து. பேனா வேண்டாம். மவுண்ட் வெட்டும்போது இந்த வரி தெரிகிற மாதிரி கீழே அரை அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். பலபேர் மறந்துவிட்டுப் பிறகு சட்டத்தைப் பிரிக்கிறார்கள்.

மாட்டும்போது ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரைக் கண்ணாடிப் படங்களுக்குக் கொடுக்காதீர்கள். பகல் முழுக்க அதில் ஜன்னல்தான் தெரியும். அந்தச் சுவர் கான்வாஸுக்கு. அச்சுகள் பக்கச் சுவருக்கு.

சூளைச்சாம்பல்:

ஒரே ஸ்டுடியோவில் இருப்பவர்களுக்கு வருகிற சிக்கல் ஹாலில் தொடங்குவதில்லை, அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கும். கடைசி மாதத்தில் சூளையும் அச்சு எந்திரமும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படும். இன்றைக்கே ஒரு நாள்காட்டி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

உங்கள் தேதிக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டால்: பெரிய பாண்டங்கள் நவம்பர் முதல் வாரத்துக்குள் வனைந்து முடிய வேண்டும். மழையில் தடித்த அடிப்பாகம் உலர மூன்று நான்கு வாரம் ஆகும். புறங்கையையோ கன்னத்தையோ வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அப்படியே சூளையில் ஏற்றினால் 100 டிகிரி தாண்டும்போது நீர் ஆவியாகிப் பாண்டம் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். டிசம்பர் முதல் வாரம் முதல் சுடல், நடு டிசம்பரில் மெருகுச் சுடல் (கண்ணாடிபோன்ற மேற்பூச்சு பூசியபின் சுடுவது), அதற்குப் பிறகு ஒரு சுடல் கைவசம் காலியாக இருக்கட்டும். அச்சுகள் டிசம்பர் 15க்குள் முடியட்டும். ஜனவரி 10க்குள் சட்டங்கள் கடையிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், 18ஆம் தேதிவரை கடை திறக்கும் என்று நம்பாதீர்கள்.

பீடங்கள்: 15 அங்குலத்துக்குள் இருக்கும் பாண்டத்துக்கு 36 முதல் 40 அங்குல உயரம், பெரியவற்றுக்கு 15 அங்குலம் போதும். 12 மி.மீ. பிளைவுட்டில் செய்து, உள்ளே அடியில் மணல் மூட்டை 10 கிலோ வையுங்கள். திறப்பு விழாக் கூட்டத்தில் ஒரு தோள்பை பட்டாலே காலிப் பீடம் ஆடும். பீடத்துக்குப் பீடம் 4 அடி வழி விடுங்கள். தரை ஆடினால் அடியில் மர ஆப்பு.

வண்ணச்சுவர்:

ரொம்ப நன்றி. ஆளுக்கு ஒரு சுவர் பற்றி மட்டும் இன்னும் எங்களுக்குள் பேச்சு ஓடுகிறது. இரண்டு பேர் தங்கள் வேலை தனியாக இருந்தால்தான் யாருடையது என்று தெரியும் என்கிறார்கள்.

செம்புத்தகடு:

யாருடையது என்பதை லேபிள் சொல்லும். சுவர் சொல்லவேண்டியது வேறு: ஏன் இந்த ஆறு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை. ஆளுக்கு ஒரு சுவர் கொடுத்தால் ஆறு குட்டித் தனிக் கண்காட்சிகள்தான் கிடைக்கும்.

சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்தைப் பாருங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்தது. ஓவியர்களும் சிற்பிகளும் அக்கம்பக்கத்தில் இருந்தே வேலை செய்தார்கள். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவியங்களில் எழுத்துபோல ஓடும் கோட்டையும், சிற்பி பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களில் மேலே ஒட்டிய கம்பிக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கோடு ஓவியத்திலிருந்து உலோகத்துக்கு நடந்து போனது கண்ணுக்குத் தெரியும். வேறு வேறு சுவரில் இருந்தால் அது தெரியாது.

உங்கள் ஆறு பேரிடமும் அப்படி ஏதாவது ஒன்று ஒட்டியிருக்கும். எச்சிங் கோடு, செம்பில் உளிக்கோடு, மெருகில் கீறிய கோடு. 26 படங்களையும் கைபேசியில் எடுத்து ஒன்றுக்கு 24 அளவில் (அரை அங்குலம் ஓர் அடி) அச்சிட்டு வெட்டி, ஹாலின் சுவர்களைச் சார்ட் பேப்பரில் அதே அளவில் வரைந்து நகர்த்திப் பாருங்கள். ஒரு மாலை போதும். ஹாலில் நின்று வாதிட ஒரு முழு நாள் போகும்.

உங்கள் தகட்டுச் சிற்பங்களும் ஜானகிராமின் மரபில் முன்பக்கம் மட்டும் பார்ப்பதற்கென்று செய்தவையா? அப்படியானால் அவற்றை நடுத்தரையில் நிறுத்தாதீர்கள், சுவரிலிருந்து 2 அடி தள்ளி நிறுத்துங்கள். நிழல் சுவரில் விழும், நடு இடம் செராமிக்குக்குக் கிடைக்கும்.

கணக்குநோட்டு:

பணம். ஹால் வாடகை, வண்டி, அழைப்பிதழ், திறப்பு விழாத் தேநீர் எல்லாம் பொதுச்செலவு. இதில் பாதியை ஆறாகச் சமமாகப் பிரியுங்கள், மறுபாதியை அவரவர் எடுத்த இடத்துக்கு ஏற்ப. சட்டம், பீடம் அவரவர் செலவு. வெறும் சமப் பங்கு என்றால் 4 அடி எடுத்தவர் 25 அடி எடுத்தவருக்குப் பணம் கட்டுகிறார்.

விற்பனையில் 10 சதவீதம் ஸ்டுடியோ நிதிக்கு என்று வைக்கலாம். சூளைக் கரண்டுக்கு உதவும். ஆனால் விலைப்பட்டியல் அச்சாகும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு படம் விற்ற பிறகு பேசினால் அது விற்றவரை மட்டும் குறிவைத்துப் பேசியதாகிவிடும். விற்றுவிட்டது என்று காட்டும் சிவப்புப் பொட்டு ஒட்டுவதற்குமுன் பாதிப் பணம் கையில் வரவேண்டும். வாங்கியவர் கடைசி நாள் மாலைக்குப் பிறகுதான் எடுத்துப்போகலாம் என்று ரசீதிலேயே எழுதுங்கள். அப்புறம், ஹாலில் சொன்ன விலையைவிடக் குறைத்து ஸ்டுடியோவில் ஒருவர் விற்றால், மற்ற ஐந்து பேரின் பட்டியலையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ரசமட்டம்:

வண்டி பற்றி யாரும் சொல்லவில்லை. குட்டியானையில் கான்வாஸ்களைப் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி, முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு, நடுவில் முழு அளவு அட்டை வைத்துக் கட்டுங்கள். அக்ரிலிக் படலம் வெயிலில் இளகும், பிளாஸ்டிக் தாள் நேராகப் பட்டால் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் பூசிய தாளை முதலில் போட்டு, குமிழ் உறையின் குமிழ் வெளியே பார்க்கும்படி சுற்றுங்கள். திருப்பிச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழும், அது போகாது.

கம்பியிலிருந்து தொங்கவிட ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு இழை, இரண்டு கொக்கி. ஒரே இழை என்றால் ஆள் நடமாட்டத்திலேயே சாயும். தங்கூசியில் (நைலான் மீன்பிடி நரம்பு) கட்டினால் கனத்துக்கு ஏற்ப அது இரவோடு இரவாக நீளும், 6 கிலோ படம் அரை அங்குலம்வரை இறங்கலாம். மெல்லிய எஃகுக் கம்பி கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால், ஹாலை முன்கூட்டியே திறந்துவிடச் சொல்லி 18ஆம் தேதியே மாட்டிவிட்டு, 20ஆம் தேதி காலை கதவு திறக்கும் முன் நூலைத் திரும்பக் கட்டி மட்டம் பாருங்கள்.