புதுப்பிப்பு: ரோமின் ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து சிவிதாவெக்கியா துறைமுகத்துக்கு
ரோமில் இறங்கி மத்தியதரைக்கடல் குரூஸ் ஏறுவது பற்றிய இழையில், ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்குப் போய் அங்கே சிவிதாவெக்கியா ரயிலுக்கு மாறும் வழியைச் சொல்லியிருந்தேன். பெட்டிகள் அதிகம் என்றால் டிராஸ்டெவெரே வழிதான் மேல். விமான நிலையத்திலேயே எஃப்எல்1 என்ற புறநகர் ரயில் ஏறி, ரோமா டிராஸ்டெவெரே ஸ்டேஷனில் எஃப்எல்5 ரயிலுக்கு மாறினால் நேரே சிவிதாவெக்கியா. டெர்மினியிலோ சிவிதாவெக்கியா ரயில் பெரும்பாலும் 25க்கு மேற்பட்ட நடைமேடைகளில்தான் நிற்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு நல்ல தூரம் நடக்க வேண்டிவரும். விமான நிலையத்திலிருந்து டெர்மினிக்கு நேரே போகும் லியோனார்டோ எக்ஸ்பிரஸில் ஏறிவிடாதீர்கள், அது டிராஸ்டெவெரேயில் நிற்காது. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், இல்லாவிட்டால் அபராதம்.

சிவிதாவெக்கியா ஸ்டேஷனிலிருந்து லார்கோ டெல்லா பாச்சே வரை போய்விட்டால், அங்கிருந்து துறைமுக பஸ் கப்பலடியில் விடும். பெட்டிகளைக் கீழேயே வாங்கிக்கொள்வார்கள். கேபினுக்கு வர மாலைகூட ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். கப்பல் துருக்கியைத் தொட்டுத் திரும்புகிறதா? துருக்கி ஷெங்கன் (பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகள்) பகுதியில் இல்லை, திரும்பி வருவது புது நுழைவாகும். அதனால் விசா தேவைப்படுகிறவர்கள் பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவே எடுங்கள்.