மறு: செஸ் வகுப்புக்கு இரண்டாம் தவணை

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் செஸ் வகுப்புக்கு இரண்டாம் தவணைப் பணம் கேட்டுப் பொருளாளர் அண்ணன் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு விஷயம். பொங்கலுக்கு ஊருக்குப் போன என் தங்கை பள்ளிக்கூடத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். நாம் வாங்கிக் கொடுத்த இருபது போர்டில் பதினாறு பீரோவுக்குள் இருக்கின்றன, உறைகூடப் பிரிக்காமல். வெளியே இருந்த நான்கில் ஒன்றில் ராணிக்குப் பதில் பாட்டில் மூடி. அது பரவாயில்லை, திண்ணையில் நாமும் அப்படித்தான் ஆடினோம். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் காந்தப் பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். வெள்ளைக் கட்டம் வர வேண்டிய வலது கை மூலையில் கறுப்புக் கட்டம். வெள்ளைக் கட்டத்தில் நிற்க வேண்டிய வெள்ளை ராணி கறுப்பில் நிற்கிறது. ஒரே ஒரு வகுப்பு ஒழுங்காக நடந்திருந்தால், ஏதாவது ஒரு பிள்ளையே அதைத் திருப்பி மாட்டியிருக்கும். தொடக்க விழா அன்று பொன்னாடையோடு நின்றோமே, அந்தப் படத்திலும் பின்னால் இதே பலகைதான். பத்துப் பேர் நின்றோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

சிங்கப்பூர் மாமாவுக்கு ஊர்ப் பெருமை பெரிது. 2024 டிசம்பரில் உலகப் பட்டத்துக்கு குகேஷ் டிங் லிரெனை ஜெயித்தது தன் வீட்டுப் பக்கத்தில் என்று மூன்று மடல் எழுதிவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான் மாமா. 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்குச் சென்னை நேப்பியர் பாலத்துக்கே செஸ் கட்டம் அடித்தார்கள். நம் பள்ளியில் சொல்லித்தர ஆள் எங்கே?

சொல்லித்தர வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வந்த பையன் நவம்பரோடு நின்றுவிட்டானாம். பஸ் காசுகூடக் கைக்கு வரவில்லை என்கிறான். கோப்பைக்கு ரசீது இருக்கிறது, பேனருக்கு இருக்கிறது, விழாச் சாப்பாட்டுக்கு இரண்டு இருக்கிறது. அவனுக்குக் கொடுத்ததற்கு மட்டும் காணோம். அண்ணன் கோபப்படக் கூடாது. தண்ணீர்த் தொட்டி விஷயத்தை நான் இப்போதும் கிளப்பவில்லை.

அப்புறம், அந்த வேண்டுகோளில் 'செஸ் கற்றால் கணக்கில் மார்க் ஏறும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். நான் இருக்கும் இங்கிலாந்தில் பள்ளிகளில் செஸ் சொல்லித்தருவதற்கென்றே ஓர் அறக்கட்டளை 2009 முதல் நடக்கிறது. போர்டு மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், பயிற்சி பெற்ற ஆளையும் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் பாடத்தை 100 தொடக்கப் பள்ளிகளில் வைத்துச் சோதித்தார்கள், ஒரு வகுப்புக்கு 30 மணி நேரம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் கணக்கு மார்க்கில் வித்தியாசமே இல்லை என்று 2016-ல் அறிக்கை வந்தது. அதற்காக அவர்கள் கடையைக் கட்டவில்லை. பிள்ளைகளுக்கு ஆடப் பிடித்திருக்கிறது, அவ்வளவு போதாதா? மார்க் ஏறும் என்று சொல்லிக் காசு வாங்கினால், அடுத்த வருடம் மார்க் எங்கே என்று கேட்பார்கள். முதல் ஆளாகக் கீழத்தெரு மச்சான்தான் கேட்பார்.

சரி, என் பங்கு தயார். ஆனால் போர்டுக்கோ விழாவுக்கோ தர மாட்டேன். அந்தப் பையனுக்குப் பழைய பாக்கியும், ஒரு வருடச் சம்பளமும், பஸ் காசும் அவன் கணக்கிலேயே போகட்டும். பீரோச் சாவி அவனிடம் இருக்கட்டும்.

பி.கு: மாமா, 'தொட்ட காயை நகர்த்தியே ஆகணும்' என்று அன்று என் யானையைப் பறித்தீர்களே, நினைவிருக்கிறதா? வகுப்பு தொடங்கியபோது பாதிச் செலவு என்னுடையது என்று நீங்கள் எழுதிய மடலை நான் இன்னும் அழிக்கவில்லை.