பாடசாலை நூலகத்துக்கென்று ஓர் ஆசிரியரை ஒதுக்குவது அவசியமா?

படுவான்கரை ஆசிரியை கேட்கிறார்:

எமது பாடசாலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றில் உள்ளது. நூலக அறையும் போதிய நூல்களும் இருக்கின்றன. ஆனால் பொறுப்பாசிரியருக்கு நாள் முழுவதும் வகுப்புகள் இருப்பதால் அறை பூட்டியே கிடக்கிறது. ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது திறந்து, தூசு தட்டி, கண்காட்சி வைத்து, மீண்டும் பூட்டிவிடுகிறோம். அடுத்த ஆண்டு நேரசூசியில் ஓர் ஆசிரியரின் பாடவேளைகளைக் குறைத்து அவரை நூலகத்தில் இருத்தலாமா என்று அதிபர் எம்மிடம் கருத்துக் கேட்டிருக்கிறார். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் இது வீண் என்றும், எல்லாம் கைபேசியில் கிடைக்கும்போது நூலகர் எதற்கு என்றும் சக ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். நூலகர் ஒருவரால் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் எழுதினால் அதிபரிடம் எடுத்துச் சொல்வேன்.

கல்முனையிலிருந்து, ஓய்வுபெற்ற பாடசாலை நூலகர்:

அம்மா, நூலகரை நூல்களின் காவலாளியாகப் பார்ப்பதால்தான் அந்தப் பணி வீணாகத் தெரிகிறது. காவலுக்கு ஒரு பூட்டே போதும். எந்தப் பிள்ளைக்கு எந்த நூல் பொருந்தும் என்று கண்டு இரண்டையும் சேர்த்துவைப்பதே நூலகரின் வேலை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டு இதையே சொல்கின்றன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். (அவர் பிறந்த அதே 1892இல்தான் எங்கள் காரைதீவில் விபுலாநந்த அடிகளும் பிறந்தார் என்பது எனக்கு என்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.)

தரம் 7 மாணவன் ஒருவன் இடைவேளைதோறும் வந்து, படமுள்ள நூல்களைப் புரட்டிவிட்டு வைத்துவிட்டுப் போவான். அவன் கண் எழுத்துப் பக்கம் போவதே இல்லை என்பதைக் கவனித்தபோது, வாசிக்கச் சிரமப்படுகிறான் என்று விளங்கியது. தகப்பனார் வாவியில் மீன்பிடிப்பவர். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 597ஆம் எண்ணுக்குரிய மீன்கள் பற்றிய நூல் ஒன்றை எடுத்துக்கொடுத்து, "மகன், இதில எதெல்லாம் நம்மட வாவியில இருக்கு?" என்று கேட்டேன். ஒவ்வொரு படமாகக் காட்டி, ஊரில் வழங்கும் பெயர்களைச் சொன்னான். பிறகு, நூலில் என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று அறியும் ஆவலில், படத்தின் கீழிருந்த சொல்லை அவனே எழுத்துக்கூட்டத் தொடங்கினான். வகுப்பு முழுவதும் பார்த்திருக்க வாய் திறக்காத பிள்ளை, புள்ளி போடாத ஒருவரின் முன்னால் தடுமாறி வாசிக்கத் துணிகிறான். அவனுடைய தமிழாசிரியரிடம் இதைத் தனியே சொன்னேன். அவர் வகுப்பில் அவனை அவசரப்படுத்துவதை நிறுத்தினார். பூட்டிய அறையில் இது எதுவும் நடக்காது.

மட்டக்களப்பு நகரிலிருந்து, பழைய மாணவி:

கைபேசி பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். 1978 நவம்பர் 23 சூறாவளி பற்றி எங்களுக்கு ஓர் ஒப்படை தரப்பட்டது. நாங்கள் எல்லோரும் கைபேசியில் முதலில் வந்த பக்கத்தைப் பார்த்து எழுதியதால், எல்லா ஒப்படைகளிலும் ஒரே வசனங்கள் இருந்தன. எங்கள் நூலகர் அம்மா கடிந்துகொள்ளவில்லை. இதை யார் எழுதினார், எப்போது எழுதினார், அவருக்கு எப்படித் தெரியும் என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு, 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் தேடும் முறையைக் காட்டினார். அதன்பின், வீட்டிலுள்ள அம்மம்மாவிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டு எழுதி, அச்சில் உள்ளதோடு ஒப்பிட்டு, எங்கே வேறுபடுகிறது என்று குறிக்கச் சொன்னார். இன்று பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தவுடன் அந்த மூன்று கேள்விகளையே முதலில் கேட்கிறேன். கைபேசியில் தகவல் கிடைப்பது உண்மைதான். அதை எடைபோடக் கற்றுத்தர ஒரு மனிதர் வேண்டும்.

திருக்கோவிலிலிருந்து, நூலகப் பொறுப்பாசிரியர்:

மேலே உள்ளவற்றை முழுமனதோடு ஏற்கிறேன். எனினும் அறை பூட்டிக் கிடப்பதற்கு நேரமின்மை மட்டும் காரணம் அல்ல. வருட இறுதியில் பொருட்கணக்கெடுப்பு வரும்போது, குறையும் ஒவ்வொரு நூலுக்கும் பொறுப்பாசிரியரே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பயம் இருக்கும்வரை, பாடவேளைகளைக் குறைத்துக் கொடுத்தாலும் அலுமாரி திறக்காது. பிள்ளைகள் வாசித்துக் கிழிந்த நூல்களை முறைப்படி பதிவேட்டிலிருந்து கழிப்பதற்கு அதிபர் துணைநிற்பார் என்ற உறுதியை முதலில் கேட்டுப் பெறுங்கள்.

சிறிய பாடசாலையில் முழுநேரம் ஒருவரை விடுவிப்பது கடினம். அப்படியானால் இடைவேளையும் பாடசாலை முடிந்தபின் அரைமணி நேரமும் தவறாமல் திறந்திருக்கட்டும். நேரசூசியில் வரும் நூலகப் பாடவேளையை விட இவை முக்கியம் என்பது என் கருத்து. வரிசையில் அழைத்துச் செல்லப்படும் பிள்ளையை விட, தானாகத் தேடி வரும் பிள்ளையிடம்தான் நமக்கு அதிக வேலை இருக்கிறது. இரவல் பதிவை மூத்த மாணவர்கள் எழுதட்டும், நீங்கள் பிள்ளைகளோடு பேசுங்கள்.

படுவான்கரை ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. கழிவு விடயத்தை அதிபரிடம் எழுத்தில் கேட்கப் போகிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை கதைப்புத்தகம் வேண்டாம் என்று பெற்றோர் திருப்பி அனுப்புகிறார்களே, என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற பாடசாலை நூலகர்:

அவர்களோடு வாதாட வேண்டாம், அம்மா. தரம் 3இலேயே இரவல் கொடுக்கத் தொடங்குங்கள். பரீட்சைப் பயம் வீட்டுக்குள் வருமுன் வாசிப்புப் பழகிவிடும். பெற்றோர் கூட்டத்தை ஒருமுறை நூலக அறையிலேயே வையுங்கள். வினாத்தாளில் பந்தியை வாசித்து விளங்கி விடையெழுதும் பகுதியை எடுத்து, அதே அளவான ஒரு கதைப் பக்கத்தின் அருகில் வைத்துக் காட்டினால், பெரும்பாலான தாய்மார் அன்றே ஒரு நூலைக் கேட்டு வாங்கிப் போவார்கள்.